தமனிகளைப் பாராமல் தீர்ப்பு வேண்டா

“நேரம் கடந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.” பக்கவாதத்தால் வீழ்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பத்தார் மருத்துவமனை வாயிலில் கேட்கும் சொற்களுள் இவற்றினும் கொடியவை இல்லை. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம் என்னும் எல்லை உண்டு. அது ஆய்வுகளால் வகுக்கப்பட்டது, மதிக்கத் தக்கது. ஆயினும் அந்த மருந்துக்குரிய எல்லையே அது. மூளைக்குரிய எல்லை அன்று. ஒரே தமனி ஒரே இடத்தில் அடைபட்ட இருவருள் ஒருவருக்கு இரண்டு மூன்று மணி நேரத்திலேயே அத்தமனி ஊட்டும் பரப்பின் பெரும்பகுதி மாண்டுவிடுகிறது. மற்றவருக்குப் பதினைந்து மணி நேரம் ஆன பின்னும் அதில் பெரும்பகுதி மீட்கத் தக்க நிலையில் உயிர்தரித்து நிற்கிறது. இந்த வேறுபாட்டைக் கடிகாரம் சொல்லாது. அவரவர் தலைக்குள் தமனிகள் அமைந்திருக்கும் முறையே சொல்லும். அந்த அமைப்பைப் பாராமல் எந்த நோயாளியையும் கைவிடலாகாது என்பதே இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு இரண்டே. உடல் செலவிடும் உயிர்வளியிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி இடையறாது வந்தாக வேண்டும். அந்த அளவு 20-ஐ ஒட்டி இறங்கும்போது நரம்பணுக்கள் தம் மின்தொழிலை நிறுத்துகின்றன. கை அசையாது, நா எழாது. ஆனால் அணுக்கள் இன்னும் சாகவில்லை. அளவு 10-க்கும் கீழே வீழ்ந்தால்தான் அணுச்சவ்வு நிலைகுலைந்து சாவு நேர்கிறது. இவ்விரு அளவுகளுக்கும் இடைப்பட்டு, செயலற்றும் சாகாமலும் கிடக்கும் திசுப்பரப்பையே மருத்துவர் புறநிழல் என்பர். ஆஸ்ட்ரப், சீஷோ, சைமன் ஆகிய மூவர் 1981-இல் எழுதிய கட்டுரை இக்கருத்தை நிலைநாட்டியது. பக்கவாதத்துக்குச் செய்யப்படும் அவசர மருத்துவம் அனைத்தும் இப்புறநிழலைக் காப்பதற்கே. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது, அடைபட்ட தமனியைத் தவிர்த்து வேறு எந்த வழியாக எவ்வளவு குருதி அங்கு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

மூளையின் பெரிய தமனி ஒன்று அடைபட்டால் நிமிடத்திற்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார். உலகெங்கும் மருத்துவமனைச் சுவர்களில் எழுதப்பட்ட கணக்கு அது. அதனால் விளைந்த நன்மை பெரிது. விரைவு என்னும் கடமையை அது மருத்துவ உலகுக்கு உணர்த்தியது. எனினும் அது சராசரி. ஒருவரிடம் இழப்பு அதனினும் பன்மடங்கு விரைவாகவும், மற்றொருவரிடம் மிக மெல்லவும் நிகழ்கிறது. படுக்கையில் கிடப்பவர் சராசரி மனிதர் அல்லர்.

இவ்வுண்மையின் முதற்சான்று மூன்றரை நூற்றாண்டுப் பழைமை உடையது. ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்த மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-இல் மூளையின் உடற்கூறு பற்றி இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் படங்கள் வரைந்தவருள் ஒருவர், பின்னாளில் இலண்டன் தூய பவுல் பேராலயத்தை எழுப்பிய கிறிஸ்டோபர் ரென். மூளையின் அடித்தளத்தில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக நிற்பதை அந்நூல் தெளிவாகக் காட்டிற்று. ஸ்விட்சர்லாந்தின் வெப்ஃபர் 1658-லேயே இவ்விணைப்பை விவரித்திருந்தார். ஆயினும் வளையம் வில்லிஸ் பெயரையே தாங்கியது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. வளையம் எதற்காக இருக்கிறது என்று கேட்டவர் அவர். தமனிக்குள் வண்ண நீரைச் செலுத்தி, ஒரு புறம் புகுந்தது மறுபுறம் வெளிப்படுவதை அவரும் அவர் துணைவர் ரிச்சர்ட் லோவரும் கண்டனர். வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரின் உடலை வில்லிஸ் அறுத்துப் பார்த்தபோது, வலக் கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் கல்போல் இறுகி முற்றும் மூடிக் கிடந்தது. அம்மனிதரோ வாழ்நாளில் பக்கவாதம் கண்டவர் அல்லர். அதே புறத்து முதுகெலும்புத் தமனி, மறுபுறத்ததைப் போல் மும்மடங்கு பருத்திருந்தது. மூடிய வழிக்கு ஈடாக உடல் தானே வேறு வழியைப் பெருக்கிக்கொண்டதை வில்லிஸ் அங்கே கண்ணாரக் கண்டார்.

பாடநூல்களில் அந்த வளையம் எழில் குலையாத வட்டமாக வரையப்பட்டிருக்கும். உண்மையில் அவ்வாறு முழுமையாக அமைந்தவர்கள், பல ஆய்வுகளின்படி, மக்களுள் பாதிக்கும் குறைவு. ஒருவருக்கு முன்னிணைப்புத் தமனி நூலிழையாக இருக்கும். ஒருவருக்குப் பின்னிணைப்புத் தமனி ஒரு புறம் இராது. வேறு சிலருக்குக் கருவில் இருந்த அமைப்பே நிலைத்து, பின் மூளைத் தமனி கழுத்துத் தமனியிலிருந்தே கிளைத்துவரும். இவை நோய்கள் அல்ல. எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் இவற்றால் ஒருவருக்கும் ஒரு தலைவலியும் வாராது. அடைப்பு நேரும் நாளில்தான் இவை விதியை முடிவு செய்கின்றன. கழுத்துத் தமனி திடீரென மூடும்போது, வளையம் முழுமையாக உள்ளவருக்கு மறுபுறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் குருதி பாய்கிறது. வளையம் அறுபட்டவருக்கு அந்தப் புறமே வறண்டுவிடுகிறது. மூளைத்தண்டுக்குக் குருதி கொடுக்கும் அடித்தமனி அடைபடும்போது, பின்னிணைப்புத் தமனிகள் பருத்திருந்தால் முன்புறத்திலிருந்து குருதி பின்னோக்கி இறங்கி உயிரைத் தாங்கக்கூடும். அவை மெலிந்திருந்தால் அந்த உதவி கிட்டாது. ஜெர்பில் என்னும் பாலைவனச் சிற்றெலிக்குப் பின்னிணைப்புத் தமனிகள் இல்லாத காரணத்தாலேயே, கழுத்துத் தமனிகளைக் கட்டிய மாத்திரத்தில் அதன் முன்மூளை குருதியற்றுப் போகிறது. ஆய்வுக்கூடங்கள் அதைத் தேர்ந்துகொண்டதும் அதனாலேயே.

ஆனால் பக்கவாதத்தில் மிகுதியும் அடைபடும் நடு மூளைத் தமனி, வளையத்தைத் தாண்டி அதற்கு அப்பால் ஓடுவது. அங்கே கட்டி சிக்கினால் வளையம் எவ்வளவு முழுமையாக இருந்தும் நேரே உதவ இயலாது. அப்போது துணைக்கு வருபவை மூளையின் மேற்பரப்பில், மெல்லிய உறையின் மேல் ஓடும் சிற்றிணைப்புகள். முன், பின் மூளைத் தமனிகளின் நுனிக்கிளைகள் நடுத்தமனியின் நுனிக்கிளைகளோடு அங்கே கைகோத்து நிற்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹாய்ப்னர் 1874-இல் இவற்றை எடுத்துக்காட்டினார். மூளைத் தமனிகள் அனைத்தும் முட்டுச்சந்துகளே என்று நம்பிய காலம் அது. அவர் சொல் உரிய மதிப்பைப் பெறவில்லை. 1953-இல் வாண்டர் ஈக்கனும் ரேமண்ட் ஆடம்ஸும் இறந்தோர் மூளைகளில் இவ்விணைப்புகளை அளந்து உறுதிசெய்தனர். தலைமடை அடைபட்ட வாய்க்காலுக்கு அண்டை வாய்க்காலின் கடைமடையிலிருந்து நீர் எதிரேறி வருவதுபோல, அடைப்புக்கு அப்பாலுள்ள தமனியில் குருதி நுனியிலிருந்து அடி நோக்கித் தலைகீழாகப் பாய்கிறது. அளவில் குறைவு, வருகையில் தாமதம். ஆனாலும் நரம்பணுவைச் சாகாமல் நிறுத்திவைக்க அதுவே போதுமானதாகிறது.

இந்தச் சிற்றிணைப்புகள் எவருக்கு மிகுதி, எவருக்குக் குறைவு? பிறப்பே பெருமளவு முடிவு செய்கிறது. வட கரோலைனாவில் ஜேம்ஸ் ஃபேபரின் ஆய்வுக்குழு, எலிகளின் இனத்துக்கு இனம் இவ்விணைப்புகளின் எண்ணிக்கை பெரிதும் மாறுவதையும், அதற்கு ஒரு மரபணு வேறுபாடு பெருங்காரணமாக நிற்பதையும் காட்டியுள்ளது. ஆனால் பிறப்பில் அமைந்தவையும் வாழ்க்கையின் போக்கில் தேய்கின்றன. முதுமை அவற்றைக் குறைக்கிறது. நெடுநாள் உயர் குருதியழுத்தமும், நீரிழிவோடு கூடிய உடற்பருமனும் அவற்றின் வலுக்குறைவோடு சேர்ந்தே காணப்படுகின்றன. சர்க்கரையும் அழுத்தமும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட தமிழ்நாட்டில் இதை நாம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை பக்கவாதத்தை வரவழைப்பதோடு நிற்பதில்லை. வந்த பின் நம்மைத் தாங்க வேண்டிய மாற்றுவழிகளையும் முன்கூட்டியே மெலிவித்து விடுகின்றன.

2015-ஆம் ஆண்டு பக்கவாத மருத்துவத்தில் ஒரு திருப்பம். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியைப் பிடித்திழுத்து எடுக்கும் சிகிச்சை, ஐந்து பெரும் ஆய்வுகளில் தன் ஆற்றலை மெய்ப்பித்தது. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். நெதர்லாந்தின் மிஸ்டர் கிளீன் ஆய்வு, மாற்றுவழிகள் எவ்வாறு உள்ளன என்று பார்த்து நோயாளிகளைப் பிரிக்கவில்லை; சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 33 பேர் பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு மீண்டனர், பெறாதோருள் 19 பேர். கனடா தலைமையில் நடந்த எஸ்கேப் ஆய்வோ, சாயம் செலுத்தி எடுத்த சி.டி. படத்தில் மாற்றுவழிக் குருதியோட்டம் ஓரளவேனும் உள்ளவர்களையே சேர்த்தது. அங்கே மீண்டவர் 53 பேர், சிகிச்சை பெறாதோருள் 29 பேர். இரண்டுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு. எல்லாப் பெருமையையும் தமனிகளுக்கே கொடுத்துவிட இயலாது. ஆயினும் மிஸ்டர் கிளீன் நோயாளிகளையே பின்னர் பிரித்துப் பார்த்தபோதும், மாற்றுவழி நன்கமைந்தவர்க்கே பயன் மிகுந்திருந்தது. ஐந்து ஆய்வுகளின் 1,287 நோயாளிகளையும் சேர்த்து 2016-இல் வெளிவந்த கணக்கு, சிகிச்சை பெற்றவர்களுள் தனித்து வாழும் நிலைக்கு மீண்டவர் 46 விழுக்காடு என்றது. சிகிச்சை பெற்றும் பாதிக்கு மேற்பட்டோர் மீளவில்லை. கதவு திறக்கும் முன்பே உள்ளே மாண்டது எவ்வளவு, மாண்ட இடம் எது என்பவையே அதற்குப் பெருங்காரணங்கள்.

அடுத்து வந்த டான், டிஃப்யூஸ் 3 என்னும் இரு ஆய்வுகள் நேரத்தின் எல்லையையே பெயர்த்தன. நலமாக இருந்ததாகக் கடைசியில் அறியப்பட்ட நேரத்திலிருந்து ஆறு முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை கடந்தவர்களை டான் ஆய்வு சேர்த்தது. படத்தில் மீட்கத் தக்க பகுதி மிகுந்திருந்தவர்கள் மட்டுமே அதில் இடம்பெற்றனர். சிகிச்சை பெற்றவருள் 49 விழுக்காட்டினர் தனித்து வாழும் நிலைக்கு வந்தனர். பெறாதவருள் அந்நிலைக்கு வந்தவர் 13 விழுக்காட்டினர். இந்தப் பதின்மூன்றை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். அத்தனை மணி நேரம் மூளையைத் தாங்கிய நல்ல மாற்றுவழிகள் உள்ளவர்களே அவர்களும். அப்படியிருந்தும் அடைப்பு நீங்காதபோது அவர்களுள் மிகப் பெரும்பாலோரை அவ்வழிகள் இறுதிவரை காக்கவில்லை. மாற்றுவழி தருவது தவணையே. தவணைக்குள் தமனி திறக்கப்படாவிடில், நன்கமைந்தவரும் மோசமாக அமைந்தவரோடு ஒரே படுக்கையில் முடங்குகிறார். 2023-இல் வெளிவந்த மிஸ்டர் கிளீன் லேட் ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது: விலையுயர்ந்த குருதியோட்டப் பகுப்பாய்வு எதுவுமின்றி, சி.டி. தமனிப் படத்தில் மாற்றுவழி தெரிகிறதா என்பதை மட்டும் பார்த்து, பிந்திவந்தவர்களைத் தேர்ந்து சிகிச்சையளித்து, ஊனத்தின் அளவைக் குறைக்க முடிந்தது. வளம் குறைந்த மருத்துவமனைகளுக்கு இதனினும் நற்செய்தி வேறில்லை.

மாற்றுவழி எட்டாத இடங்களும் மூளையில் உண்டு. நடுத்தமனியின் அடியிலிருந்து செங்குத்தாக மேலேறி மூளையின் ஆழத்துக்குள் நுழையும் மெல்லிய துளைத்தமனிகள் உண்மையிலேயே முட்டுச்சந்துகள். கையையும் காலையும் ஆளும் நரம்பிழைகள் அனைத்தும் நெருங்கித் திரண்டு இறங்கும் உட்கூடு என்னும் குறுகிய பாதை, அவற்றையும் அவற்றுக்கு அண்டையிலுள்ள முன் கோராய்டுத் தமனியையும் நம்பியிருக்கிறது. கட்டி நடுத்தமனியின் வாயிலில் சிக்கினால் துளைத்தமனிகளும் மூடுகின்றன. மேற்பரப்பு பிழைத்தாலும் ஆழம் பிழைப்பதில்லை. சற்றுத் தள்ளிச் சிக்கினால் ஆழம் தப்பிவிடுகிறது. சில மில்லிமீட்டர் இடைவெளிதான். ஒருவர் விரல்களால் மீண்டும் பொத்தான் பூட்டுவதும் மற்றவர் கை மடங்கியே நின்றுவிடுவதும் பலவேளை அதில் அடங்கியிருக்கின்றன. பட்டாணி அளவே அழிந்தவர் கையை இழப்பதும், உள்ளங்கை அளவு அழிந்தவர் எழுந்து நடப்பதும் இதனாலேயே. மறுவாழ்வுப் பயிற்சியில் ஒருவர் தேறாவிடில் அவர் முயலவில்லை என்று குறைகூறுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமனிகள் எவ்வளவு ஆளுக்கு ஆள் மாறக்கூடியவை என்பதற்கு இருவர் கண்டவற்றைச் சொல்லலாம். 1952-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், நடுக்குவாத நோயாளி ஒருவரின் மூளையில் அறுவை செய்யும்போது முன் கோராய்டுத் தமனி தற்செயலாகக் கிழிந்தது. அதைக் கட்டிவிட்டு அறுவையைக் கைவிட்டார். வாதம் வரும் என்று அஞ்சப்பட்ட நோயாளி, நடுக்கம் நீங்கி விழித்தெழுந்தார். அதே தமனியைப் பிறரில் வேண்டுமென்றே கட்டியபோது சிலருக்குப் பக்கவாதமே விளைந்தது. 1973-இல் பிரெஞ்சு அறிஞர் பெர்ஷரோன் விவரித்த அமைப்பு இதற்கு மறுதலை: சிலரிடம் ஒரே ஒரு சிறு தமனி, மூளையின் இருபுறத்திலும் உள்ள தலாமசு என்னும் ஆழ்பகுதிகளுக்குக் குருதி கொடுக்கிறது. அது அடைபட்டால் கை கால் வலுவிழக்காமலே ஆள் தூக்கத்தில் ஆழ்ந்து, விழித்தபின் நினைவிழந்து நிற்பார். நஞ்சோ மயக்கமோ என்று மருத்துவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் ஓடிவிடும்.

ஆசிய மக்களுக்கு இன்னொரு கூறும் உண்டு. மண்டைக்குள் இருக்கும் தமனிகளே கொழுப்புப் படிந்து சுருங்குவது, மேலைநாட்டு வெள்ளையரைவிட இந்தியர் உள்ளிட்ட ஆசியரிடம் மிகுதி. அத்தகையோர்க்கு அடைப்பை நீக்கியும் தமனி மீண்டும் மூடக்கூடும். சிகிச்சை முறையே வேறாகலாம். அதையும் தமனிப் படமே முன்னறிவிக்கும். குழாய் செல்லும் பாதையையும் அப்படமே காட்டும்: நெஞ்சுக்கூட்டில் பெருந்தமனி வளைவிலிருந்து கழுத்துத் தமனிகள் கிளைக்கும் விதமும், முதுமையில் அவை நெளிந்து சுருளும் விதமும் முன்பே தெரிந்திருந்தால், தொடை வழியா, மணிக்கட்டு வழியா என்பதை மருத்துவர் தொடக்கத்திலேயே முடிவு செய்து பொன்னான நிமிடங்களை மிச்சப்படுத்துவார்.

ஆதலால் நாம் வற்புறுத்துவது இது. பக்கவாத ஐயத்தோடு வரும் நோயாளிக்கு வெறும் தலை சி.டி. எடுத்துக் குருதிக்கசிவு இல்லை என்று சொல்லி நிறுத்துவது போதாது. அதே மேசையில், அதே வேளையில், பெருந்தமனி வளைவு முதல் உச்சந்தலை வரை தமனிப் படமும் எடுக்கப்பட வேண்டும். சிறுநீரக நோய் இருந்ததாக அறியப்படாதவர்க்குக் கிரியேட்டினின் என்னும் சிறுநீரகச் சோதனையின் முடிவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்று சிகிச்சை நெறிமுறைகளே கூறுகின்றன. மாற்றுவழிக் குருதி தாமதித்தே வருவதால், இயலும் இடங்களில் சில நொடி இடைவிட்டு இரண்டு மூன்று முறை படமெடுப்பது நலம். ஒரே படம், பிந்திவரும் குருதியைக் காணாமல் விட்டுவிடும். படம் பார்ப்பவர் அறிக்கையில் அடைப்பின் இடத்தோடு நில்லாமல் வளையத்தின் நிலையையும் மாற்றுவழிகளின் தரத்தையும் எழுத வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றில் சி.டி. கருவி இருக்கிறது. இரவிலும் இப்படத்தை எடுக்கவும், எடுத்ததைத் தொலைவிலுள்ள நரம்பியல் வல்லுநருக்கு உடனே அனுப்பவும் ஆள்களும் ஏற்பாடும் வேண்டும். கட்டியை அகற்றும் வசதி பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நிலையில், யாரை எவ்வளவு விரைவில் அனுப்புவது என்பதை முடிவு செய்ய இதைவிட நம்பத்தக்க வழி இல்லை.

இன்னொன்றும் உண்டு, அது சிறு மருத்துவமனைகளில் நாள்தோறும் நடப்பது. பக்கவாதத்தோடு வருபவரின் குருதியழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டு அஞ்சி, நாவின் கீழ் மாத்திரை வைத்து அதைச் சட்டென்று இறக்குகிறார்கள். மெல்லிய மாற்றுவழிகளில் குருதியை எதிரேற்றித் தள்ளுவது அந்த அழுத்தமே. கரைப்பு மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் 185/110-க்குக் கீழே கவனத்தோடு கொண்டுவர வேண்டும். அம்மருந்தும் கட்டி அகற்றலும் இல்லை, வேறு அவசரக் காரணமும் இல்லையெனில் 220/120 வரை பொதுவாகப் பொறுத்திருக்கலாம் என்பது நெறி. படம் எடுக்கும் முன், கசிவா அடைப்பா என்று அறியும் முன், அழுத்தத்தை அடித்து வீழ்த்துவது நோயாளியின் கடைசித் துணையையும் பறிப்பதாகும்.

இங்கே இரண்டு தவறான முடிவுகளைத் தடுத்தாக வேண்டும். சிலரின் மூளை பல மணி நேரம் தாங்கும் என்பதால் விரைவு தேவையில்லை என்று எவரும் கொள்ளற்க. தம் தமனி எத்தகையது என்று நோய் வரும்வரை எவருக்கும் தெரியாது. மூளை விரைவாக மாள்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு விரலின் அசைவு, ஒரு சொல்லின் நினைவு. அவ்வாறே, மாற்றுவழி மோசம் என்று படம் காட்டியதாலேயே நோயாளியை ஒதுக்கிவிடுவதும் பிழை. பெரும்பகுதி சேதமடைந்தவர்களுக்கே கட்டியை அகற்றிப் பார்த்த ஜப்பானிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது: பிறர் கைத்தாங்கலின்றி நடக்கும் அளவுக்கேனும் மீண்டவர் சிகிச்சை பெற்றோருள் 31 விழுக்காடு, பெறாதோருள் 13 விழுக்காடு. மூளைக்குள் குருதிக்கசிவு கூடியும் பயனே மேலோங்கி நின்றது. அடுத்த ஆண்டு வந்த பிற ஆய்வுகளும் அதனையே உறுதிசெய்தன. ஆகவே தமனிப் படம் கதவைத் திறப்பதற்கு உதவட்டும். அடைப்பதற்குச் சாக்காக வேண்டா.

இல்லத்தாருக்கு ஒரு சொல். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் 108-ஐ அழையுங்கள். கைமருத்துவமும் காத்திருப்பும் வேண்டா. நோயாளி கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். மருத்துவமனையில், “மூளைத் தமனிகளின் படம் எடுத்தாயிற்றா? எந்தத் தமனி அடைபட்டிருக்கிறது?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை தெரியும்முன் எவரேனும் நேரம் கடந்துவிட்டது என்றால், அதை முடிந்த முடிவாக ஏற்காதீர்கள்.